உப்பு ஏறிய வயல் திரும்பத் தேறுவது எப்படி?



போன மாதக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் ஜிப்சம் வாங்க உள்கடன் கேட்டார். வேளாங்கண்ணிக்குத் தெற்கே கடலோரத்தில் அவருக்கு மூணு மா நிலம் இருக்கிறது. வெயில் காலத்தில் அதில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. எத்தனை மூட்டை வேணும் என்று கேட்டோம். "எல்லாரும் போடுறாங்க, நானும் போடணும்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வயல்களில் கடல் நீரும் சேறும் நின்றன. "இனி பத்து வருஷத்துக்கு நெல் வராது" என்று அப்போது பலர் பேசியதாக மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது, உப்பில் பெரும்பகுதியை அதுவே கழுவிவிட்டது. தீயில் கருகிய காடு மழைக்குப் பின் வேரிலிருந்து துளிர்ப்பது போலத்தான் இதுவும்.

ஆனால் எல்லா வயலும் ஒரே வேகத்தில் தேறாது. மணற்பாங்கான நிலத்தில் மழைநீர் சட்டென்று கீழே இறங்கும், உப்பும் கூடவே போகும். களிமண்ணில் உப்பிலுள்ள சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மண் இறுகி, தண்ணீர் இறங்காது. இப்படிப்பட்ட மண்ணுக்குத்தான் ஜிப்சம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிடும், பிறகு நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் வெளியேறும். வெறும் உப்பு மட்டும் உள்ள மண்ணுக்கு வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தாலே போதும். (பக்கத்து வயலில் வடித்துவிடாதீங்க, சண்டை வரும்!)

எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மண் பரிசோதனையில் கார அமில நிலை 8.5க்கு மேல் இருந்தால் ஜிப்சம் பற்றி யோசிக்கலாம். எவ்வளவு போடணும் என்பதைச் சிக்கலில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். உமரிச் செடி தானாக முளைத்துக் கிடந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

கடல் சேற்றை வழிக்கிறோம் என்று இயந்திரம் விட்டு, ஓரிடத்தில் மேல்மண்ணையும் சேர்த்து அள்ளிப் போய்விட்டார்கள். உப்பை மழை கழுவிவிடும். மண்புழுவும் மக்கும் உள்ள மேல்மண்ணை எந்த மழையும் கொண்டுவந்து தராது. அதைத் திரும்ப உண்டாக்க நம் கையில் உள்ளது தக்கைப்பூண்டு. உப்பைத் தாங்கி வளரும். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கிற சமயம் மடக்கி உழுங்கள். அதற்குப் பிறகு நெல் போடும்போது திருச்சி 1, கோ 43 போன்ற உப்பு தாங்கும் ரகங்களைக் கேட்டு வாங்கலாம்.

கிணறு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். உப்புத் தண்ணீர் என்று விடாமல் இறைத்தால், மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் தீர்ந்து அடியிலிருந்து கடல்நீர் ஏறிவிடும். மழைநீர் இறங்க விடுங்கள்.

கடன் கேட்ட உறுப்பினரின் வயலில் நாலைந்து இடத்தில் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் அடுத்த கூட்டத்தில் கடனைப் பேசிக்கொள்ளலாம்.