கொடியும் இலச்சினையும்

ஒரு நாட்டையோ ஊரையோ குறித்தற்கு உயர்த்தப்படுவது கொடி. செப்பேட்டிலும் காசிலும் பதிக்கப்படுவது இலச்சினை. பிரெஞ்சு நாட்டிற் சிற்றூர்களும் தமக்கெனக் கேடய வடிவிலான சின்னம் கொண்டு, அதில் தம் பழைய வரலாற்றைக் குறிப்பாற் காட்டுகின்றன. நம் தமிழகத்திலும் பண்டு தொட்டே சேரர்க்கு வில்லும், சோழர்க்குப் புலியும், பாண்டியர்க்குக் கயலும் சின்னங்களாய் விளங்கின.

உடுமலைப்பேட்டை வட்டத்தின் வழியே பாயும் அமராவதியைப் பண்டையோர் ஆன்பொருநை என்றனர். தாராபுரத்தைக் கடந்து கருவூரை அடையும் இவ்வாற்றின் படுகையில், வில்லும் அம்பும் பொறித்த சேரர் காசுகள் கிடைத்துள்ளன. காசில் உள்ள வில், ‘இது சேரனது ஆணை செல்லும் நிலம்’ என்று அறிவித்தது. எழுத்தறியாதாரும் அச்சின்னத்தைக் கண்டு அரசனை அறிந்தனர்.

பின்னர்க் கொங்கு நாடு சோழர் ஆட்சிக்கு உட்பட்டது. முதலாம் இராசேந்திர சோழனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையிற் புலி அமர்ந்திருக்கிறது. அதனுடன் இரு கயல்களும் வில்லும் காணப்படுகின்றன. பிற வேந்தர் சின்னங்கள் அங்கு இடம் பெற்றது ஏன்? சேரரும் பாண்டியரும் தமக்குக் கீழ்ப்பட்டனர் என்பதை உணர்த்தவே சோழர் அவ்வாறு பொறித்தனர். ஒருவரது வெற்றியைக் கூறும் அம்முத்திரை, மற்றிருவரது தோல்வியையும் கூறிற்று.

இக்கொங்கு மண்ணிலேயே வேறொரு கொடியும் புகழ் பெற்றது. சென்னிமலையில் 1904-இல் எளிய நெசவுக் குடும்பத்திற் பிறந்தவர் குமரன். 1932 சனவரி 10 அன்று திருப்பூரில் நடந்த விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் அவர் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றார். காவலரின் தடியடியால் தலை பிளந்து வீழ்ந்தபோதும் கொடியைக் கைவிட்டாரல்லர். மறுநாள் உயிர் நீத்தார். ‘கொடி காத்த குமரன்’ என்று நாடு அவரைப் போற்றுகிறது. அவர் பிடித்த கொடியின் நடுவே இராட்டை இருந்தது. 1947 சூலை 22 அன்று நாடு ஏற்றுக்கொண்ட கொடியில் அவ்விடத்தை அசோகச் சக்கரம் பெற்றது.

வேந்தர் கொடியைப் படை காத்தது. குமரன் கொடியைப் படைக்கலம் ஏந்தாத ஒரு தொழிலாளி காத்தார். முன்னது பிறரை அடக்கிய ஆற்றலின் அடையாளம். பின்னது எவரையும் அடக்க எண்ணாத உரிமை வேட்கையின் அடையாளம். ஆதலின், ஒரு சின்னத்தைக் காணுந்தோறும் அதன் வடிவை மட்டும் கண்டு அமையாது, அதனை உயர்த்தியவர் யாவர், எதன் பொருட்டு உயர்த்தினர் என்றும் ஆராய்தல் வேண்டும். அங்ஙனம் ஆராய்வார்க்கு ஒரு காசும் வரலாற்று நூலேயாம்.