பீப்பாயில் எழுதிய எண்
வெடிமருந்தின் கதை – 17

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவக் கிடங்குகளில் துப்பாக்கி மருந்து குவிந்து கிடந்தது. முதல் போருக்குப் பிறகு இப்படி மிஞ்சியதில் நிறைய எரிக்கப்பட்டிருந்தது. கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டனுக்கு அது பொறுக்கவில்லை. தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கி, 50,000 பவுண்டு மருந்தை மொத்தமாக வாங்கிவிட்டார். மாடு மேயும் நிலம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதில் ஒரு பழைய சரக்கு ரயில் பெட்டியை நிறுத்தி, அதையே கிடங்காக்கினார். பத்திரிகையில் சிறு விளம்பரம் கொடுத்ததும் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடுகிறவர்களும் வாங்கத் தொடங்கினார்கள்.

நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்வதைச் சட்டம் தடுப்பதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர், அளந்த மருந்து, புது ரவை, அவ்வளவுதான் வேலை. அந்தப் பழக்கம் அங்கே வேரூன்றியதில் ஹாட்ஜ்டனின் மலிவு மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு புது ஆபத்தும் அதனுடனேயே வீடுகளுக்குள் நுழைந்தது.

அவர் முதலில் விற்ற மருந்தின் பெயர் 4895. காரண்ட் துப்பாக்கிக்கான .30-06 தோட்டாவில் ராணுவம் பயன்படுத்தியது. ராணுவத்துக்கு மருந்தின் எடை முக்கியமல்ல, அது தரும் வேகம்தான் முக்கியம். 152 கிரெய்ன் எடையுள்ள எம்2 ரவை, குழல் முனையிலிருந்து 78 அடி தள்ளி வினாடிக்கு 2,740 அடி வேகத்தில் பறக்க வேண்டும். அழுத்தம் வரம்பைத் தாண்டக் கூடாது. அதற்கு எவ்வளவு மருந்து என்பதை, ஆலையில் ஒரு தடவையில் தயாராகும் ஒவ்வொரு ஈட்டுக்கும் தனித்தனியாகச் சுட்டுப் பார்த்து முடிவு செய்தார்கள். மணிகளின் அளவு, மேல்பூச்சு, உள்ளே தங்கிவிட்ட கரைப்பான் ஆகியவை ஈட்டுக்கு ஈடு சற்றே மாறும். எரியும் வேகமும் அதோடு மாறும். ஒரே 4895, ஒரு ஈட்டில் கொஞ்சம் சாது, இன்னொன்றில் கொஞ்சம் முரடு. ஆலைக்கு இது சிக்கலே இல்லை, அளவைத் திருத்திக்கொள்வார்கள்.

உபரியாக விலைக்கு வந்த பீப்பாயிலோ எண் மட்டும் இருக்கிறது. வாங்குகிறவர் கையில் இருக்கும் அளவு அட்டவணை வேறு யாரோ வேறு ஏதோ ஈட்டை வைத்துச் சுட்டுக் கண்டது.

இந்தச் சிறு வித்தியாசம் ஏன் பெரிதாகிறது? சென்ற வாரங்களில் பார்த்த பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேயின் கண்டுபிடிப்பு இங்கே வந்து நிற்கிறது. புகையில்லா மருந்து, சுற்றிலும் அழுத்தம் கூடக்கூட வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். ஒன்றை ஒன்று தூண்டிவிடும் இந்த ஓட்டம் முழுவதும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 பவுண்டு. துப்பாக்கி அறைக்குள் 50,000 என்பது சாதாரணம். சுடுகிறவரின் கன்னம் அந்த அறைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு அந்தக் கன்னம்தான் நினைவில் நிற்கிறது.

1960களில் ரவையின் வேகத்தை அளக்கும் கருவி தனியார் கைக்கும் வந்தது. அட்டவணை சொன்னதைவிட நூறு அடி கூடுதலாகக் காட்டினால் பலருக்கு மகிழ்ச்சி, மலிவு மருந்தில் நல்ல சரக்கு மாட்டிவிட்டது என்று. அப்படி மகிழவே கூடாது. அதே ரவை, அதே குழல், அதே அளவு என்றால், கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். அதோடு, வேகம் கூடும் விகிதத்தைவிட உச்ச அழுத்தம் வேகமாக ஏறும்.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. வேகம் என்பது குழலின் நீளம் முழுவதும் ரவைக்குக் கிடைத்த தள்ளலின் மொத்தம். உச்ச அழுத்தமோ தொடக்கத்தில் ஒரு நொடிப்பொழுது வந்துபோவது. வேகமாக எரியும் ஈடு, ஆரம்பத்திலேயே எகிறிவிட்டுப் பிறகு தளர்ந்துவிடும். ஆகவே அட்டவணையில் உள்ள அதே வேகம் கிடைத்தும், உச்சம் வரம்புக்கு மேலே போயிருக்கலாம். வேகம் குறைவாகக் காட்டுகிறதே என்று மருந்தைக் கூட்டுகிறவர் எதை நோக்கிப் போகிறார் என்பதை அந்தக் கருவி சொல்லாது. பிரைமர் நசுங்கியிருக்கிறதா, கூட்டின் அடிப்பகுதி விரிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் போதாது. பித்தளை அடையாளம் காட்டும் நேரத்தில் எல்லை எப்போதோ கடந்திருக்கும்.

எண்ணை நம்புவதன் ஆபத்துக்கு 4831 இன்னும் தெளிவான சாட்சி. 20 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்கான, மெதுவாக எரியும் மருந்து அது. .270 வின்செஸ்டர் துப்பாக்கிக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். உபரி கரைந்துபோனதும் ஹாட்ஜ்டன் நிறுவனம் ஸ்காட்லாந்தில் புதிதாகத் தயாரித்து, எச்4831 என்று விற்றது. 1973இல் டூபாண்ட் நிறுவனமும் ஐஎம்ஆர் 4831 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எண் ஒன்றுதான், ஆனால் டூபாண்டின் மருந்து வேகமாக எரிவது. பழைய உபரியின் அளவுகளை அதில் போட்டவருக்கு, எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று கையேடுகள் திரும்பத் திரும்ப அச்சிட நேர்ந்தது.

வயதும் இதில் சேர்கிறது. மூடி சரியில்லாத பீப்பாயில் ஈரம் வற்றினால் மருந்து கூடுதல் வேகத்தில் எரியும். நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும் பொருள். அதைக் காக்கச் சேர்க்கும் டைஃபினைலமீன் தீர்ந்துவிட்டால் சிதைவு முடுக்கம் பெறும். புளித்த வாடையும் செம்பழுப்புப் புகையும் கிளம்பும். அதை அளந்து பார்க்க ஒன்றுமில்லை, உரிய முறையில் அழித்துவிட வேண்டியதுதான்.

அழிக்காமல் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை 2012 அக்டோபரில் லூசியானாவின் கேம்ப் மிண்டன் காட்டியது. அங்கே ஒரு வெடிப்புக்குப் பிறகு போய்ப் பார்த்தவர்கள், ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பவுண்டு பீரங்கி மருந்து முறையின்றி அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அதை எங்கே, எப்படி எரிப்பது என்று ஊர்மக்கள் நடத்திய போராட்டத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)