கழுத்துக் கட்டி: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

"தைராய்டு டெஸ்ட் நார்மல்னுதான வந்திருக்கு, பொறவு எதுக்கு டாக்டர் கழுத்துல ஊசி வைக்கச் சொல்லுதாவ?" பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி பக்கம் ஸ்கேன் கவரும் கையுமாக நிற்கும் குடும்பங்களில் எழும் கேள்வி இது.

ரத்தத்தில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு, சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் சொல்லும். கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த அளவு சரியாகவே இருக்கும். அதே சமயம், தைராய்டு கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு புற்றுநோயே அல்ல. ஆகவே அலட்சியமும் ஆகாது, அவசரமும் ஆகாது.

கட்டி வேகமாக வளர்வது, குரல் கம்மி வாரக்கணக்கில் தெளியாமல் இருப்பது, விழுங்கச் சிரமம், கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டுவது, சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை, குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள்.

இரண்டுங்கெட்டான் ரிப்போர்ட்

ஊசி வைத்து எடுத்த செல்களை 'பெத்தெஸ்டா' முறையில் 6 வகையாகப் பிரிக்கிறார்கள். 2 என்றால் சாதாரணக் கட்டி. 6 என்றால் புற்றுநோய். சிக்கல் 3, 4 ஆகிய எண்களில்தான். இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் மரபணுப் பிழைகளையும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவையும் பார்க்கும் விலை கூடிய சோதனைகள் வருகின்றன.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் இருக்கும் மிகச் சிறிய துணுக்கு. எந்தப் புரதம் எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. 1993-ல் ஒரு சிறு புழுவில் இதைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது. தைராய்டு புற்றுநோயில் அதிகம் காணப்படும் பாப்பிலரி வகையில் 221, 222, 146பி என்ற எண்களைக் கொண்ட துணுக்குகள் பெருகியிருக்கும். செல் பெருகாமல் பிரேக் போடும் 'பி27' என்ற புரதத்தை 221-உம் 222-உம் அடக்கிவிடுகின்றன.

அப்படியானால் அளவைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாமே? முடியாது. பாளையங்கால்வாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஒன்று. எந்த வயலுக்கு மடை திறந்திருக்கிறது என்பது வேறு. செல்லுக்குள் மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்கள். 'டி.என்.டி.1' என்ற புரதம் 221-ஐ, பி27-ஐ உருவாக்கச் சொல்லும் ஆர்.என்.ஏ. செய்தியில் உட்கார விடாமல் தடுக்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2007-ல் காட்டினார்கள். 'புமிலியோ' என்ற இன்னொரு புரதம் 221-க்கு இடம் திறந்துவிடுவதை 2010-ல் காட்டினார்கள். இவை ஆய்வுக்கூடச் செல்களில் கண்டவை. மருந்தாக இன்னும் மாறவில்லை. துணுக்கு கூடியிருக்கிறது என்ற ஒரு வரி தீர்ப்பாகாது, சாட்சிகளில் ஒன்று. ஸ்கேன், ஊசி ரிப்போர்ட் இரண்டோடும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

அவசரத்தின் விலை

தென்கொரியாவில் கழுத்து ஸ்கேன் பரவலானதும், 1993-ல் இருந்ததைவிட 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கானது. இறப்பு எண்ணிக்கையோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒருபோதும் தொல்லை தந்திராத சிறு கட்டிகளையும் தேடிப்பிடித்து அறுத்திருக்கிறார்கள். ஜப்பானின் கோபே நகரில் உள்ள குமா மருத்துவமனை, 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஆபத்துக் குறைந்த புற்றுக்கட்டிகளை அறுக்காமல் கண்காணிக்கும் முறையை 1993-லேயே தொடங்கிவிட்டது.

சுரப்பியை முழுவதும் எடுத்தால் ஆயுள் முழுக்க, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. குரல் நரம்பு பாதிக்கப்படலாம். கால்சியம் குறைந்து கைவிரல்கள் மரத்துப்போகலாம். தேவைப்படும்போது அறுவைச் சிகிச்சை உயிர் காக்கும். தேவையா என்று கேட்பது உங்கள் உரிமை.

உங்கள் கையில் உள்ளவை

* ஒப்புதல்: சோதனைக்குத் தந்த கையெழுத்து அறுவைக்குச் செல்லாது. உயிராபத்து இல்லாதபோது தனி ஒப்புதல் வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லிவிட்டது.
* ஆவணம்: சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. ஊசி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, வேறொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள்.
* செலவு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தச் சிகிச்சை அடங்கும் என்பதை 1800 425 3993 எண்ணில் முன்கூட்டியே கேளுங்கள்.
* புகார்: காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்தில் வராது. அங்கே குறை என்றால் மருத்துவமனை நிர்வாகத்திடமோ, கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.
* ஏமாற்று: புற்றுநோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாட்ஸ்அப்பில் வரும் லேகியத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் ரிப்போர்ட் பெத்தெஸ்டாவில் எத்தனை? பாதிச் சுரப்பி எடுத்தால் போதுமா, முழுசா? ஆறு மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் என்ன நஷ்டம்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பேனாவை எடுங்கள்.