முதலீட்டு வங்கிகளும் ஆட்சேர்ப்பு முறையும்

வங்கி என்றதும் பணத்தை வைப்பிலிடுதலும் வட்டிக்குக் கடன் பெறுதலுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருவன. முதலீட்டு வங்கி அவ்வகையினின்றும் வேறானது. பெருங் கம்பனிகளுக்கு வேண்டிய மூலதனத்தைப் பங்கு வழங்கியும் கடன்முறி விற்றும் திரட்டிக் கொடுத்தலும், ஒரு கம்பனி மற்றொன்றை வாங்கக் கருதுமிடத்து விலை மதித்து ஆலோசனை கூறுதலும் அதன் தலையாய தொழில்களாம். ஐக்கிய அமெரிக்காவிலே 1933 ஆம் ஆண்டுச் சட்டமொன்று இவ்விருவகை வங்கித் தொழிலையும் பிரித்துவைத்தது. அதன் பயனாக 1935 இல் மோர்கன் நிறுவனத்தினின்றும் மோர்கன் ஸ்ரான்லி என்னும் புது நிறுவனம் கிளைத்தது. இரு தொழிலையும் ஒரே குடைக்கீழ் நடத்தலாகாதென்ற தடை 1999 இல் நீங்கிற்று. 2008 செப்டெம்பரில் லீமன் பிறதேர்ஸ் முறிவுற்றது. தனித்து நின்ற கோல்ட்மன் சாக்சும் மோர்கன் ஸ்ரான்லியும் அம்மாதமே வங்கிக் கம்பனிகளாகத் தம்மை மாற்றிக்கொண்டன. இத்துணை மாற்றங்களுக்கிடையிலும் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் இத்தொழிலை நாடும் இளைஞர் கூட்டம் குறைந்திலது. அவர்களை அந்நிறுவனங்கள் தெரிந்தெடுக்கும் முறை தனியே ஆராயத்தக்கது.

இத்தொழிலிற் புகும் பட்டதாரி முதற்கண் பெறும் பதவி ‘அனலிஸ்ற்’ எனப்படும். அதன்மேல் அசோசியேற், வைஸ் பிரெசிடென்ற் எனப் படிகள் உயர்ந்து மனேஜிங் டிரெக்டரில் முடியும். வைஸ் பிரெசிடென்ற் என்ற பெயரைக் கேட்டுத் தலைவருக்கு அடுத்தவரோ என மயங்கவேண்டுவதில்லை. ஒரு பெரிய வங்கியில் அப்பெயர் பூண்டோர் ஆயிரக்கணக்கில் உளர்.

பட்டம் பெற்றபின் விண்ணப்பிக்கலாம் என்றிருப்போர் பெரும்பாலும் காலங் கடந்தவராவர். இத்தொழிலின் உண்மையான வாயில் பட்டத்துக்கு முந்திய கோடை விடுமுறையில் நடைபெறும், ஏறத்தாழப் பத்து வாரப் பயிற்சியேயாகும். அனலிஸ்ற் பதவிகளிற் பெரும்பாலானவை அப்பயிற்சியில் நற்பெயர் எடுத்தோருக்கே செல்கின்றன. அமெரிக்காவில் நான்காண்டுப் படிப்பின் மூன்றாம் ஆண்டு முடிவில் அப்பயிற்சி வரும். அதற்கு ஆள் தெரிதலோ ஓராண்டும் அதற்கு மேலும் முன்னதாக, மாணவர் இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே தொடங்கிவிடுகின்றது. இலண்டனில் முதலாண்டு மாணவருக்கென ‘வசந்த வாரம்’ என்னும் சிறு அறிமுகப் பயிற்சி உண்டு. அதிற் சிறந்தோர் அடுத்த கோடைப் பயிற்சிக்கு நேரே எடுக்கப்படுவதுமுண்டு. விண்ணப்பங்கள் வரவர ஆராயப்படுவதாற் கடைசி நாள்வரை காத்திருப்போர் இடங்கள் நிரம்பிவிட்டிருக்கக் காண்பர்.

இதன் விளைவு சிறிதன்று. கணக்கியலில் ஒரு பாடத்தையேனும் நன்கு கற்று முடிக்குமுன், பத்தொன்பது வயதில், ஒருவர் தம் தொழிலைத் துணிய வேண்டியிருக்கின்றது. தந்தையோ தமையனோ அத்தொழிலில் இருப்பின் இக்கால அட்டவணை வீட்டிலேயே காதில் விழும். அத்தகைய உறவில்லாத மாணவர் தம் வகுப்புத் தோழர் சிலர் ஏற்கெனவே தெரிவாகிவிட்டனர் என்று கேட்டறியும் நாளிலேதான் அதனை அறிகின்றனர். திறமை குன்றியதால் அன்றிச் செய்தி எட்டாமையாற் பின்தங்குவோர் இவ்வாறு பலராகின்றனர்.

விண்ணப்பம் ஒரு பக்கத்துள் அடங்கவேண்டும் என்பது எழுதாச் சட்டம். அடுத்து வருவது ஒளிப்பதிவு நேர்முகம். எதிரே எவருமின்றிக் கணினித் திரையில் தோன்றும் வினாவுக்குக் குறித்த நிமிடத்துள் விடை கூறிப் பதிவு செய்தல் வேண்டும். கோல்ட்மன் சாக்ஸ் 2016 இல் சர்வகலாசாலைகளுக்கு நேரிற் சென்று நடத்திய முதற்சுற்று நேர்முகங்களை விடுத்து இம்முறையைக் கைக்கொண்டது. சில சர்வகலாசாலைகளுக்கு மட்டுமே செல்லும் பழைய வழக்கத்தை இது தளர்த்திற்று என்பதும் உண்மை. இறுதிச் சுற்று ஒரே நாளில் பலர் மாறிமாறி வினவும் நீண்ட நேர்முகமாகும்.

வினாக்கள் இருவகைய. ஒன்று தொழில் நுட்பம் பற்றியது. பெரிதும் வழங்கும் வினாவொன்றை நோக்குக: ஒரு கம்பனியின் பெறுமானத் தேய்வு 10 டொலராற் கூடின் அதன் மூன்று கணக்குக் கூற்றுக்களும் எவ்வாறு மாறும்? வரி வீதம் நூற்றுக்கு 20 எனக் கொள்க. வருமானக் கூற்றில் வரிக்கு முந்திய இலாபம் 10 டொலர் குறையும். வரியில் 2 டொலர் மிச்சமாகும். ஆகவே தேறிய இலாபம் 8 டொலரே குறையும். காசுப் பாய்ச்சற் கூற்றில் அந்த 8 டொலர்க் குறைவிலிருந்து தொடங்கி, காசாக வெளியே செல்லாத தேய்வு 10 டொலரைத் திரும்பக் கூட்டக் காசு 2 டொலர் அதிகரிக்கும். ஐந்தொகையிற் காசு 2 கூடி நிலையான சொத்து 10 குறைய மொத்தச் சொத்து 8 குறையும். மறுபுறத்தில் நிறுத்திவைத்த இலாபமும் 8 குறைந்து இரு பக்கமும் சமனாகும். செலவு கூடியும் காசு கூடியதேன் என்பதே இவ்வினாவின் உயிர்நிலை. தேய்வு காசைக் கொண்டுசெல்வதில்லை, வரியை மட்டும் குறைக்கின்றது என்று விளங்கிச் சொல்வோரையும் மனப்பாடஞ் செய்து ஒப்புவிப்போரையும் பிரித்தறிய, அவ்வியந்திரம் கடன்பட்டு வாங்கப்பட்டிருந்தால் என்னவாகும் என்று அடுத்த வினா எழும். அங்கே மனப்பாடம் கைவிட்டுவிடும்.

கம்பனியின் பெறுமதியை அளக்கும்போது பங்குகளின் பெறுமதியோடு கடனைக் கூட்டிக் காசைக் கழிப்பதேன் என்பதும் அத்தகையதே. 30 ரூபா உள்ளே கிடக்கும் பணப்பையை 100 ரூபாவுக்கு வாங்குவோருக்குப் பையின் மெய்விலை 70 ரூபாவே.

இரண்டாவது வகை, விண்ணப்பகாரரின் இயல்பை அறியக் கேட்கப்படுவது. ‘இத்தொழிலை ஏன் விரும்பினீர்? இவ்வங்கியை ஏன் நாடினீர்?’ என்பன எளியனபோலத் தோன்றினும் பலர் இடறி விழுவது இங்கேதான். லோறன் றிவேரா என்னும் அமெரிக்க சமூகவியலார், முதலீட்டு வங்கி முதலிய உயர்தொழில் நிறுவனங்களில் ஆள் தெரிவோர் 120 பேரை வினவி எழுதிய ஆய்வு 2012 இல் வெளிவந்தது. தம்மைப் போன்ற பொழுதுபோக்கும் பழக்கவழக்கமும் உடையோரையே அவர்கள் விரும்பினர் என்றும், அவ்விருப்பம் சிலவேளை திறமை பற்றிய கணிப்பையும் மிஞ்சிற்று என்றும் அவர் கண்டார். பிரித்தானிய அரசின் சமூக முன்னேற்ற ஆணைக்குழு 2016 இல் வெளியிட்ட அறிக்கையோ இன்னும் விந்தையானது. கரிய உடையோடு கபிலநிறச் சப்பாத்து அணிந்துவந்த ஆடவரை இலண்டன் வங்கியாளர் சிலர் குறைவாக மதித்தனர் என்பது அதிற் பதிவாகியுள்ளது. நல்ல மூளையைத் தேடி வந்தோர் காலைப் பார்த்திருந்தனர் போலும்! இதனை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. பழைய மாணவர் ஒருவரை நேரிற் கண்டு அரைமணி நேரம் உரையாடுதலே இவ்வகை அறிவு பெறும் வழி. அங்ஙனம் உரையாடியவரின் பரிந்துரை சிலவேளை விண்ணப்பத்தையும் கட்டின் அடியிலிருந்து மேலே கொணரும்.

அவசரம் ஒருபுறத்ததன்று. பதவியேற்குமுன்னரே இளையோரை வேறு முதலீட்டு நிறுவனங்கள் எதிர்கால வேலைக்கு ஒப்பந்தஞ் செய்யத் தொடங்கின. இதனால் ஜே. பி. மோர்கன் 2025 இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. சேருமுன்னரோ சேர்ந்து பதினெட்டு மாதத்துள்ளோ வேறிடத்தில் வேலை ஏற்போர் நீக்கப்படுவர் என்பதே அது.

பணியின் சுமையும் அறியத்தக்கது. கோல்ட்மன் சாக்சில் இளநிலையினர் பதின்மூவர் 2021 இல் தமக்குள் எடுத்த கணக்கின்படி, அவர்கள் வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் உழைத்தனர். அதே நிறுவனம் 2015 இல் கோடைப் பயிற்சியாளர் நள்ளிரவுக்குமுன் வீடு செல்லவேண்டும், காலை ஏழு மணிக்குமுன் வரலாகாது என விதித்திருந்தது. அதற்கும் ஒரு விதி வேண்டியிருந்தது.

நேர்முகத்தின் முடிவில் ‘எம்மிடம் கேட்க ஏதேனும் உண்டா?’ என்று வினவுவது வழக்கம். வங்கியின் பெருமையைப் பற்றியே பலரும் கேட்பர். இப்பிரிவில் ஈராண்டுக்கு முன் சேர்ந்தோருள் இன்று எத்தனைபேர் உளர் என்று கேட்போர் சிலர். அவர்களுக்குக் கிடைக்கும் விடை அவ்வங்கி அச்சிட்டு வழங்கும் எந்த ஏட்டிலும் இருப்பதில்லை.