சிறு வியாபாரிக்கு உலகச் சந்தை எட்டுமா?

இணையம் வந்துவிட்டது, இனி வியாபாரத்தில் சிறியவர் பெரியவர் என்ற பேதமில்லை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். முகநூலில் ஒரு பக்கம் திறந்தால் டொரன்டோவிலிருந்து ஓடர் வரும் என்று நமது இளைஞர்களும் நம்புகிறார்கள். ஓடர் வரலாம். ஆனால் பொருள் போய்ச் சேருமா, சேர்ந்தாலும் யாருடைய பெயரில் சேரும் என்பதுதான் கேள்வி.

நெல் வியாபாரமாக நான் போய்வரும் கொக்கட்டிச்சோலையையே எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஊர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அங்கு நேராகப் போவதென்றால் படகுப் பாதையில்தான் வாவியைக் கடக்க வேண்டும். ஏற்றுமதி என்பது இப்பகுதிக்குப் புதிய சொல்லுமல்ல. பக்கத்தில் மகிழடித்தீவில் 1980களில் ஏற்றுமதிக்கான இறால் பண்ணை இருந்தது. 1987 ஜனவரியில் அங்கு வேலை செய்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலம் போய், இன்று பாலமும் இருக்கிறது, கையடக்கத் தொலைபேசியும் இருக்கிறது. பிறகு என்ன தடை?

அங்கே சிறிய அரிசி ஆலை வைத்திருக்கும் ஒரு தம்பி சென்ற போகத்தில் என்னிடம் சொன்னார்: "காக்கா, லண்டன் கடையில சிவப்பரிசி மா கிலோக் கணக்கில போகுதாம். அது நம்மட நெல்லா, பொலன்னறுவை நெல்லா எண்டு ஆருக்குத் தெரியும்?"

உண்மை. நெல் ஆலையை விட்டு வெளியேறும்போது சாக்கில் ஊர்ப்பெயர் இல்லை, திகதி இல்லை, வயல்காரர் யாரென்ற குறிப்பும் இல்லை. மொத்தக் கடையில் பத்து ஊர் நெல் ஒன்றாகக் கலக்கிறது. கடைசியில் பக்கட் அடிப்பவரின் பெயர்தான் கடல் கடக்கிறது. இலாபத்தின் பெரும்பங்கும் அந்தப் பெயருக்கே போகிறது.

கணினி யுகம் இதை மாற்றும் என்றுதான் எதிர்பார்த்தோம். அது வாசலைத் திறந்தது மெய். ஆனால் வாசலில் ஒரு காவல்காரனையும் நிறுத்திவிட்டது. அவன் கேட்பது பதிவு. அமெரிக்காவில் விற்பதற்கு உணவுப் பொருள் தயாரித்துப் பொதி செய்யும் இடத்தை அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகத்திடம் பதிய வேண்டும் என்பது 2003 முதல் உள்ள விதி. பதிவு இணையத்தில்தான். அரசாங்கக் கட்டணம் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் ஒரு முகவர் வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். சரக்குப் போய்ச் சேரும் முன்னரே அறிவித்தலும் கொடுக்க வேண்டும்.

தபாலில் சிறு பொதியாக அனுப்பித் தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி சுருங்கிவிட்டது. 2021 முதல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பொதி வருமுன் அதன் விபரங்களை மின்னியல் முறையில் கேட்கத் தொடங்கின. 22 யூரோ வரையான பொதிகளுக்கு இருந்த வரிச்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் நீக்கியது. 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை 2025 ஓகஸ்டில் அமெரிக்கா நிறுத்தியது.

பக்கட்டில் உள்ள பார்கோட்டையும் பாருங்கள். 479 என்று தொடங்கினால் இலங்கைச் சரக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது, எண்ணை வழங்கிய அமைப்பு இலங்கையிலுள்ளது என்பதை மட்டுமே காட்டும். எண் யார் பெயரில் பதியப்பட்டதோ, வெளிநாட்டுக் கடைக்காரருக்கு அவரே வியாபாரி. நெல் விளைவித்தவரை அந்தக் கோடுகள் அறியாது.

இந்த மாற்றத்தைச் சிரமமின்றிக் கடந்தவர்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. கூவி விற்கும் அந்த ஏலம், 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின் நடுவே, சில நாட்களுக்குள் கணினிக்கு மாறியது. எப்படி முடிந்தது? ஒவ்வொரு தொகுதித் தேயிலைக்கும் தோட்டத்தின் பெயர், தரம், எடை, இலக்கம் எல்லாம் பல தலைமுறையாகவே எழுதப்பட்டு வந்தன. கணினிக்குக் கொடுக்க அவர்களிடம் விபரம் இருந்தது. நமது அரிசிக்கு அது இல்லை.

ஆகவே இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். இணையத்தளம் கட்டப் பணம் கொடுக்குமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். சாக்குக்குச் சாக்கு ஊர், வயல்காரர், நெல்லினம், அறுவடைத் திகதி, ஈரப்பதம், எடை ஆகியவற்றை எழுதுங்கள். ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்பட்டால் வாங்காதீர்கள். அரைத்த மாவின் பக்கட்டிலும் அதே இலக்கத்தை இடுங்கள். ஒருவர் முறையிட்டால் எந்தச் சாக்கு என்று தேடிப்பிடிக்க முடியும். வெளிநாட்டுக் கொள்வனவாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

ஒரு சிறிய ஆலை தனித்து முகவரையும் பார்கோட்டையும் பரிசோதனைச் செலவையும் தாங்காது. ஐந்தாறு ஆலைகள் சேர்ந்து ஒரே பொதியிடும் இடம், ஒரே பெயர், ஒரே பதிவு என்று வைத்தால் தாங்கும். படுவான்கரையில் விளைவிப்பவர் தமிழ் விவசாயி, வாவிக்கு இக்கரையில் விற்பவர்களில் நம்மவர்கள் பலர். இரு தரப்பும் ஒரு கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திட முன்வந்தால் அந்தப் பெயர் இரு கரைக்கும் சொந்தமாகும். வரும் போகத்து அறுவடைக்குமுன் இதைப் பேசித் தீர்ப்பது நல்லது. நெல் கலந்த பிறகு பிரிக்க முடியாது.