பேட்டரி வண்டி மானியம் யார் கைக்கு வருகிறது?



சந்தவாசல் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் உள்கடன் கேட்டார். பாவு வாங்கிவரவும், நெய்த பட்டுச்சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆரணிக்கு அடிக்கடி போகிறவர். பேட்டரி ஸ்கூட்டர் வாங்கணுமாம். "பாதி மானியம் பேங்க்ல வந்துடும், அதை வச்சு கடனை அடைச்சிடுவேன்" என்றார். தீர்மானம் எழுதுவதை நிறுத்திவிட்டு விசாரித்தோம். விசாரித்தது நல்லதாய்ப் போச்சு.

அவர் மனசில் இருந்தது அம்மா இருசக்கர வாகனத் திட்டம். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அதில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் கிடைத்தது. 2021-ல் ஆட்சி மாறியபின் அது நின்றுபோனது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது.

மத்திய அரசு கொடுத்த பேட்டரி வண்டி மானியம் வேறு. அது நம் கணக்குக்கு வருவதில்லை. கம்பெனி விலையைக் குறைத்துப் பில் போடும், அந்தத் தொகையை அரசு கம்பெனிக்குக் கொடுக்கும். பேட்டரி எவ்வளவு கரண்ட் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து மானியம். நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான் கணக்கு. 2021 ஜூனில் யூனிட்டுக்கு 15,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். 2023 ஜூனில் 10,000 ஆக்கி, விலையில் 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றார்கள். 2024-ல் 5,000. 2025 ஏப்ரலில் 2,500. அதாவது 2 யூனிட் பேட்டரி வண்டிக்கு 30,000 வரை கிடைத்த இடத்தில் 5,000 ஆனது. இருசக்கர வண்டிக்கு இதுவும் 2026 மார்ச் வரைதான் என்று அறிவித்தார்கள்.

புது சாமானை ஜனங்கள் வாங்கிப் பழகட்டும் என்று கொடுப்பது, பழகப் பழகக் குறைப்பார்கள். ஆனால் குறைத்ததும் என்ன ஆச்சு தெரியுமா? 2023 மே மாதம் நாடு முழுக்க லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, ஜூனில் பாதிக்கும் கீழே இறங்கியது.

இன்னொன்று. லைசென்ஸ் வேண்டாம், மெதுவாய்ப் போகும் என்று விற்கும் சின்ன வண்டிக்கு இந்த மானியம் கிடையாது. கடைக்காரர் "மானியம் கழிச்சாச்சு" என்றால் பில்லில் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டுகிற செலவு குறைவுதான். 2 யூனிட் பேட்டரியை நிரப்ப, ஒரு லிட்டர் பெட்ரோல் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் சில வருஷம் கழித்துப் பேட்டரி மாற்றணும், அதுதான் பெரிய செலவு. வாரண்டி எத்தனை வருஷம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நம் உறுப்பினர் மானியத்தை அடித்துவிட்டு, நெசவுக் கூலியில் தவணை கட்ட முடியுமா என்று புதுசாய்க் கணக்குப் போடுகிறார். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கடை கொட்டேஷனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.