நூறு தொகுதிகளுக்குப் பின்னால் ஒரு புதுக்கோட்டைக்காரர்

வெளியூரிலிருந்து விருந்தினர் யாரேனும் வந்துவிட்டால், நம் ஊர்ப் பெருமையைப் பேசத் தொடங்கும் புதுக்கோட்டைவாசி எளிதில் நிறுத்த மாட்டார். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் வீதிகளைக் காட்டி, "இவையெல்லாம் திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்து ஏற்பாடு" என்பார். அம்மன் காசைப் பற்றிச் சொல்வார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்து படித்த ஊர் என்று நெஞ்சை நிமிர்த்துவார். திருமயம் வரையில் அழைத்துச் சென்று, தீரர் சத்தியமூர்த்தி பிறந்த மண் இதுவே என்று காட்டிவிட்டுத்தான் விருந்தினரை ஊருக்கு அனுப்புவார்.

ஆனால் 1896-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் தேதி இதே புதுக்கோட்டையில் பிறந்த வேறொருவரின் பெயர் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னால், சில ஆண்டுகளுக்கு முன்பு வரையில் நாமும் அதைச் சொன்னதில்லை. அவரை நமக்கு அறிமுகம் செய்து வைத்தது ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கேள்வி.

சிறுமி கேட்ட கேள்வி

ஒவ்வொரு காந்தி ஜயந்திக்கும் முதல் நாள், வகுப்பறைக் கரும்பலகையில் மகாத்மாவின் பொன்மொழி ஒன்றை வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பது நம் வழக்கம். பதினைந்து ஆண்டுகளாக நாம் எழுதி வந்தது ஒரே மொழிதான். உலகம் எப்படி மாற வேண்டுமென்று விரும்புகிறோமோ, அந்த மாறுதலாக முதலில் நாமே ஆகிவிட வேண்டும் என்ற கருத்துள்ள அந்த வாக்கியத்தை அறியாதவர் யார்? நாட்காட்டியில் இருக்கிறது; பனியனில் இருக்கிறது; கைப்பேசியில் காலை வணக்கத்துடன் தினந்தோறும் வருகிறது.

அவ்வாண்டும் எழுதி முடித்துவிட்டுத் திரும்பினோம். முன் வரிசையிலிருந்து அந்தச் சிறுமி எழுந்து நின்றாள்.

"ஸார், இதைக் காந்தி எப்போது சொன்னார்?"

"எப்போதோ சொன்னார். உட்கார், அம்மா" என்றோம்.

சிறுமி உட்கார்ந்துவிட்டாள், கேள்வி உட்காரவில்லை. அன்று மாலை, ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். மகாத்மா காந்தியின் எழுத்துக்கள் அனைத்தும் அடங்கிய ஆங்கிலத் தொகுதிகளை அவர் ஓர் அலமாரி நிறைய வைத்திருக்கிறார். பாதி மணியில் வேலை முடிந்துவிடும் என்பது நம் எண்ணம். இரண்டு வாரம் ஆயிற்று. அந்த வாக்கியம் அகப்படவே இல்லை! அதே வடிவில் மகாத்மா எங்கும் எழுதவில்லை என்பது அறிஞர்களுக்கு முன்பே தெரிந்த செய்தியாம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

அதற்கு மிக நெருங்கிய இடம் பன்னிரண்டாம் தொகுதியில் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில், 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் தேதி வெளிவந்த குஜராத்திக் கட்டுரை அது. உடல் நலம் பற்றிய தொடரின் ஒரு பகுதி. தலைப்போ, நேயர்கள் சிரிக்கக் கூடாது, பாம்புக் கடி! பாம்பைக் கண்டால் மனிதன் ஏன் அஞ்சுகிறான் என்று ஆராயப் புகுந்தவர், மனிதன் தன்னை மாற்றிக் கொண்டால் உலகம் அவனிடம் நடந்து கொள்ளும் முறையும் மாறும், பிறருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். பனியனில் அச்சிடும் அளவுக்கு அது சுருக்கமாக இல்லை. ஆயினும் அது அவருடையது.

"இப்படி நாள் தவறாமல், தாள் தவறாமல் தொகுத்து வைத்திருக்கிறார்களே! யார் செய்த வேலை இது?" என்று வியந்தோம்.

நண்பர் நம்மைச் சற்றே இரக்கத்துடன் பார்த்தார். "உங்கள் ஊர்க்காரர்தாம் செய்தார். பேராசிரியர் கே. சுவாமிநாதன். தெரியாதா?" என்றார்.

ஆங்கிலப் பேராசிரியர்

தெரியாமல்தான் இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்தோம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் சுவாமிநாதன். ஆங்கிலேயர் ஆட்சி நடந்த காலத்தில், அவர்களுடைய மொழியை அவர்களுடைய அரசாங்கத்துக் கல்லூரியில் நம் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஆங்கிலம் அவரைத் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. 'கட்டை வண்டி' என்று ஒரு தமிழ் நாடகம் எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் ஒன்றே அவர் மனம் எந்த வழியில் சென்றது என்பதைக் காட்டும். தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் தந்து, 1963-இல் வெளிவந்த தொகுப்பு ஒன்றின் பதிப்பாசிரியர்களுள் அவரும் ஒருவர். பெரியசாமித் தூரன் மற்றொருவர்.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், சிறிது காலம் ஆங்கிலப் பத்திரிகைப் பணி. அதுவும் முடிந்து, பேரன் பேத்திகளோடு சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டிய வயதில்தான் அவருடைய உண்மையான வேலை அவரைத் தேடி வந்தது.

காந்தியடிகளின் எழுத்துக்கள் அனைத்தையும் வெளியிடுவதென்று இந்திய அரசாங்கம் 1956-இல் முடிவு செய்தது. முதல் தலைமைப் பதிப்பாசிரியர், பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் தம்பி பாரதன் குமரப்பா. அவர் 1957-இல் காலமாகிவிட்டார். பிறகு ஜெயராம்தாஸ் தௌலத்ராம் அப்பொறுப்பை ஏற்றார். 1960-இல் அது சுவாமிநாதனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 63. வெளிவந்திருந்தவை ஒரு சில தொகுதிகளே. அவர் அந்த நாற்காலியிலிருந்து எழுந்தது 1985-இல், வயது 88. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் மூலத் தொகுதிகள் தொண்ணூறும் முடிந்திருந்தன. பின்னர் அனுபந்தங்கள், பொருளகராதி, பெயரகராதி, முன்னுரைகள் ஆகியவையும் சேர்ந்து 1994-இல் எண்ணிக்கை நூறாயிற்று. பக்கங்கள் ஏறக்குறைய 50,000. அதே 1994-ஆம் ஆண்டிலேயே பேராசிரியரும் மறைந்தார்.

தேதியின் அருமை

"கிடைத்ததையெல்லாம் சேர்த்து அச்சிடுவது ஒரு பெரிய காரியமா?" என்று சிலர் கேட்கக்கூடும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு ஒன்றைத் தவறில்லாமல் ஓராண்டு வைத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மகாத்மா குஜராத்தி, ஆங்கிலம், ஹிந்தி ஆகிய மூன்று மொழிகளில் எழுதினார். வலக்கை களைத்தால் இடக்கையால் எழுதினார். தம் கையெழுத்து அழகாக இல்லை என்று அவரே வருந்தியிருக்கிறார். வைசிராய்க்கு ஒரு கடிதம், ஆசிரமத்துக் குழந்தைக்கு ஒரு கடிதம், வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியம் சொல்லி ஒரு கடிதம் என்று, ஒரே நாளில் பலவும் இருக்கும். அவற்றையெல்லாம் தேடிப் பிடித்து, படித்து, மொழிபெயர்த்து, மூலத்தோடு ஒப்பு நோக்கி, அடிக்குறிப்பு எழுதி, எங்கிருந்து கிடைத்தது என்று குறித்து, தேதி வரிசையில் கோக்க வேண்டும். இதற்குக் குஜராத்தி அறிஞர் சி. என். பட்டேல் முதலிய பலர் அவருக்குத் தோள் கொடுத்தனர்.

தேதி வரிசை என்பது குமாஸ்தா வேலை அன்று. தம் கருத்துக்கள் இரண்டு ஒன்றோடொன்று மாறுபட்டால், பிந்தியதையே கொள்ளும்படி மகாத்மாவே 1933-இல் எழுதி வைத்திருக்கிறார். அப்படியானால், எது முந்தியது, எது பிந்தியது என்று தெரியாதவன் காந்தியைத் தெரிந்தவனாக மாட்டான். சாதியைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் அவர் சொன்னவற்றில், தமக்கு வேண்டிய வரியை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிறவர்கள் எல்லாக் கட்சிகளிலும் உண்டு. அவர்களுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் ஒரே வேலி அந்தத் தேதிதான்.

முதல் தொகுதி எதில் தொடங்குகிறது தெரியுமா? 1884-ஆம் ஆண்டு, பதினைந்து வயதுச் சிறுவன் மோகன்தாஸ், தமையனாருடைய கைக் காப்பிலிருந்து பொன் துணுக்குத் திருடியதை ஒப்புக்கொண்டு தகப்பனாருக்கு எழுதித் தந்த குற்ற அறிக்கை பற்றிய குறிப்பில் தொடங்குகிறது. ஒரு தேசத்தின் தந்தையைப் பற்றி அத்தேசத்து அரசாங்கமே வெளியிடும் நூல் வரிசையின் வாசற்படியில் ஒரு திருட்டு! அதை மறைக்காததில் காந்தியின் பெருமை இருக்கிறது. அதை அங்கேயே வைத்துக் காத்ததில் பதிப்பின் பெருமை இருக்கிறது.

மௌனத்தின் மொழிபெயர்ப்பாளர்

இவ்வளவு சொற்களுக்கு நடுவே வாழ்ந்தவர், சொல்லற்ற ஓர் இடத்தையும் தேடிப் போயிருந்தார். 1940-இல் திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமண மகரிஷியைத் தரிசித்தது முதல், அவர் மனத்தில் காந்தியும் ரமணரும் இரு விளக்குகளாக இருந்தனர். ஒருவர் ஓயாமல் நடந்தவர். மற்றவர் அசையாமல் இருந்தவர். இருவருக்கும் ஒருவரே தொண்டு செய்ய முடியுமா என்று ஐயுறுவோர்க்குப் பேராசிரியரின் வாழ்க்கையே விடை.

ரமணரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதினார். அருணாசல ஸ்துதி பஞ்சகத்தை ஆங்கிலக் கவிதையாக்கினார். ரமணர் உபதேசங்களைக் கவிஞர் முருகனார் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெண்பாக்களில் கட்டிவைத்த 'குருவாசகக் கோவை'யை, முதிர்ந்த வயதில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அவரைக் கவிஞர் என்று யாரும் விழா எடுத்துக் கொண்டாடவில்லை. கவிஞர்கள் பலர் தங்கள் குரல் உரத்துக் கேட்க வேண்டும் என்று பாடுவார்கள். இவரோ, மற்றொருவருடைய குரல் கெடாமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே தம்மிடமிருந்த கவிதை முழுவதையும் செலவிட்டார். காந்தி தொகுதிகளில் செய்ததும் அதுதான். குருவாசகத்தில் செய்ததும் அதுதான்.

மறைந்த பின் வந்த சோதனை

நல்ல ஆசிரியரின் மதிப்பு, அவர் வகுப்பை விட்டுப் போன பிறகுதான் தெரியும் என்பார்கள். பேராசிரியர் விஷயத்தில் இது வெகு சீக்கிரமே மெய்யாயிற்று.

அவர் மறைந்து சில ஆண்டுகளில், 'திருத்திய பதிப்பு' என்ற பெயரில் தொகுதிகளை மறுபடி அச்சிடவும் குறுந்தகட்டில் வெளியிடவும் அரசாங்க வெளியீட்டுத் துறை முற்பட்டது. புதிய பதிப்பைப் பழையதோடு ஒப்பிட்ட அறிஞர்கள் திடுக்கிட்டனர். நூற்றுக்கணக்கான பதிவுகளைக் காணோம். வரிசை மாறியிருந்தது. தொகுதிதோறும் இருந்த முன்னுரைகள் நீக்கப்பட்டிருந்தன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அசிரத்தை போதும்; பகை எதற்கு? காந்தி அன்பர்களும் அறிஞர்களும் விடாமல் எதிர்த்ததன் பயனாக 2005-இல் அப்பதிப்புத் திரும்பப் பெறப்பட்டது. பழைய பதிப்பையே ஆதாரமாகக் கொண்ட மின்பதிப்பு, மிகுந்த கவனத்தோடு ஒப்பு நோக்கப்பட்டு, 2015-இல் வெளிவந்தது. இன்று யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் அத்தொகுதிகளைப் புரட்டலாம்.

அந்தப் பழைய பதிப்புக்கு ஆராய்ச்சியாளர்கள் இட்டிருக்கும் பெயர் 'கே. எஸ். பதிப்பு.' கே. எஸ். என்றால் கே. சுவாமிநாதன். வாழ்நாளெல்லாம் தம் பெயரைப் பின்னால் நிறுத்திக் கொண்டவருக்கு, தவறான பதிப்பு ஒன்று வந்து இரண்டெழுத்துப் பட்டம் சூட்டிவிட்டது!

நாம் செய்யக்கூடியது

புதுக்கோட்டையில் பிறந்தவருக்குப் புதுக்கோட்டை என்ன செய்யலாம்? சிலை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சிலைகளுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை, காக்கைகளுக்கும் பஞ்சமில்லை. நம் விருப்பம் சிறிது. இம்மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில், காந்தி ஜயந்தியன்று ஒரு பொன்மொழியை எழுதும்போது, அது எந்தத் தொகுதியில், எந்தத் தேதியில் உள்ளது என்பதையும் அடியில் எழுதும் வழக்கம் வர வேண்டும். அகப்படாத மொழியை, அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், எழுதாமல் விட வேண்டும். பொய்யான வாக்கியத்தைக் கொண்டு சத்தியத்தைக் கற்பிக்க முடியாது என்பதை, பதினைந்து ஆண்டு தவறாக எழுதிய நாமே சொல்வதால், யாரும் இதை உபதேசம் என்று கொள்ள வேண்டியதில்லை.

அந்தச் சிறுமி அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருந்தாள். காந்தி ஜயந்திக்கு முதல் நாள் அவளை அழைத்து, பன்னிரண்டாம் தொகுதியில் கண்டதைக் கூறினோம். முன்பு, "எப்போதோ" என்று சொல்லி உட்கார வைத்தது தவறு என்பதையும் சொன்னோம். அவள் கருத்தைத் தமிழில் எழுதினாள். அடியில் ஆண்டும் மாதமும் தேதியும் எழுதினாள். பிறகு சுண்ணக்கட்டியைக் கீழே வைக்காமல், "பாம்புக் கடி என்பதையும் எழுதட்டுமா, ஸார்?" என்று கேட்டாள்.

எழுதச் சொன்னோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் முதல் முறையாக அன்றுதான், கரும்பலகையில் இருந்ததை எல்லாப் பிள்ளைகளும் ஒரு வரி விடாமல் படித்தார்கள்.